பன்னிரண்டு மாடிக்கு ஆட்சேபணை

அந்த மஞ்சள் பலகையை சியோம்புவா பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சந்தையில் வாங்கிய முட்டைத் தட்டுகளைக் காரின் பின்சீட்டில் அடுக்கி, குலுங்காமல் உருட்டிக்கொண்டு வந்தவள், பக்கத்து வீட்டு கேட்டில் அதைக் கண்டதும் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்துவிட்டாள். பின்னால் தட்டுகள் சரியும் சத்தம் கேட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போய்ப் படித்தாள்.

ஒற்றைக் குடியிருப்பு மனையாக இருக்கும் இந்த இடத்தை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறது, பன்னிரண்டு மாடி, ஆட்சேபணை உள்ளவர்கள் இரண்டு வாரத்துக்குள் நகரத் திட்ட அலுவலகத்துக்கு எழுதலாம் என்று போட்டிருந்தது.

முகூயு சந்தில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான். எல்லாம் அரை ஏக்கர் மனைகள், முள்செடி வேலி, ஓட்டுக்கூரை. ஒரு மனைக்கு ஒரு வீடு, கடை கூடாது, பட்டறை கூடாது, விடுதி கூடாது என்பது அந்த மண்டலத்தின் விதி. நைரோபி நாலா பக்கமும் மேலே மேலே எழும்பிக்கொண்டிருந்தபோது இந்தச் சந்து மட்டும் தரையோடு தரையாகக் கிடந்ததற்கு அந்த விதிதான் காரணம். விதியைக் கட்டிக் காத்தது குடியிருப்போர் சங்கம். சங்கத்தின் செயலாளர் சியோம்புவா. சந்தின் முனையில் பீர் பார் வர இருந்ததை எழுதி எழுதியே நிறுத்தியவள். கார் கழுவும் நிலையம் ஒன்றையும் அப்படித்தான் விரட்டினாள். விமானக் கம்பெனியில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து கத்துகிற பயணிகளையெல்லாம் சமாளித்தவளுக்கு, எந்த அதிகாரிக்கு எந்தத் தொனியில் எழுதினால் வேலை நடக்கும் என்பது கைவந்த கலை.

ஆனால் இந்தப் பலகை தொங்கியது கெமுன்டோவின் கேட்டில்.

கெமுன்டோ அரசு ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்கப் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவள். சந்தில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இருவரும் கனடாவில். சியோம்புவாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள் என்றாலும் இருவருக்கும் நடுவே இருந்தது வேலி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கெமுன்டோவின் வராந்தாவில் பால் தேநீர், சியோம்புவா கொண்டுபோகும் கேக், மதியம் வரை பேச்சு என்று வருஷக்கணக்காக ஓடியிருக்கிறது. கடந்த ஒன்றிரண்டு வருஷமாக சியோம்புவாவுக்கு நேரம் அமைவதில்லை. கல்யாணம், நிச்சயதார்த்தம், பிறந்தநாள் என்று ஞாயிறுதோறும் அவள் சுட்ட கேக் போக வேண்டியிருந்தது. வராந்தாவுக்குப் பதிலாக வேலிக்கு மேலாக ஒரு கையசைப்பு என்று ஆகிப்போயிருந்தது.

அந்த வார ஞாயிறு அவள் நேரம் ஒதுக்கிக்கொண்டு போனாள். கெமுன்டோ எதையும் மறைக்கவில்லை. ஆமாம், விற்கப்போகிறேன், சொல்ல நினைத்தேன், நீ எப்போதும் கையில் மாவோடு நின்றாய் என்றாள். கட்டுகிறவர்கள் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் தருவார்களாம், லிஃப்ட் இருக்குமாம், முழங்காலுக்கு நல்லதாம். சியோம்புவா பன்னிரண்டு மாடியால் என்னென்ன கெடும் என்று வரிசையாகச் சொன்னாள். இங்கே பாதாளச் சாக்கடை கிடையாது, எல்லாம் வீட்டுக்கு வீடு தொட்டிதான். நூறு குடும்பம் வந்தால் கழிவு லாரி இந்தச் சந்திலிருந்து வெளியே போகவே போகாது. ஆழ்துளைக் கிணறு வற்றிவிடும். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு நம் கொல்லைப்புறமெல்லாம் சினிமா. கெமுன்டோ தேநீரை ஊதிக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஆட்சேபணை எழுதித்தான் ஆகணும் சிஸ்டர். மனசுல வெச்சுக்காதீங்க."

"எழுது. அது உன் வேலை. எனக்குப் பிடிக்காதுன்னா நீ எழுதாம இருந்துடப்போறியா?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் சியோம்புவாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மூன்று பக்கத்துக்கு எழுதினாள். நல்ல கடிதம் அது. சாக்கடை, தண்ணீர், வெளிச்சம் என்று பிரித்துப் பிரித்து எழுதி, கடைசியில், இது குடும்பங்கள் வாழும் இடம், வணிகத்துக்கான இடமல்ல என்று முடித்திருந்தாள். சந்தில் ஏறக்குறைய எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விசாரணை, பகுதி அலுவலகத்தை ஒட்டிய சமூகக் கூடத்தில் நடந்தது. நகரத் திட்ட அதிகாரி கல்கலோ என்பவர். வடக்கே மார்சபிட் பக்கத்துக்காரர், ஒல்லியான உருவம், குரலை உயர்த்தவே தெரியாதவர். எதிரணியில் கட்டடக் கம்பெனிக்காக செரோடிச் என்ற இளம் வக்கீல் வந்திருந்தாள். அவளுக்குப் பின்வரிசையில் சர்ச்சுக்குப் போடும் நீலத் தொப்பியோடு கெமுன்டோ உட்கார்ந்திருந்தாள்.

சியோம்புவா தன் கடிதத்தைப் படித்தாள். கூடத்தில் கைதட்டல் கேட்டது. சங்கத் தலைவர் டாக்டர் ஓம்போக், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், எழுந்து நின்று இந்த மண்டலத்தின் தூய்மை பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசினார். பிறகு செரோடிச் எழுந்தாள். அவசரமே படவில்லை.

"ஐயா, இந்தச் சந்துல குடியிருக்கிறதைத் தவிர வேற ஒண்ணுமே நடக்கக் கூடாதுன்னு இவங்க சொல்றாங்க. சரி. அப்போ அங்க என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். இரண்டாம் நம்பர் வீடு, கார் நிக்க வேண்டிய இடத்துல மிருக ஆஸ்பத்திரி."

ஓம்போக் எழுந்தார். நான் நோயாளிகளைப் பார்ப்பதில்லை, தெரிந்தவர்களின் நாய்களைத்தான் பார்க்கிறேன் என்றார். நாய் அழைத்து வருகிறவர்கள் ஏன் ரசீது வாங்கிப் போகிறார்கள் என்று அவள் கேட்டதும் கூடம் குலுங்கியது. நாலாம் நம்பரில் மாணவிகளுக்கு அறைகள், ஒன்பதாம் நம்பரில் காலையும் மாலையும் யோகா வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் முகம் சிவந்தது, மற்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆறாம் நம்பர். செயலாளர் அம்மாவோட வீடு. கேக் தொழிற்சாலை. மூணு பேர் வேலை செய்யறாங்க, ஒரு வேன் இருக்கு. துணி துவைக்கிற அறையில திரைக்குப் பின்னால பெரிய அடுப்பு இன்னொண்ணு."

இந்தத் தடவையும் சிரித்தார்கள். சியோம்புவாவுக்குக் காது மடல்வரை கொதித்தது. தான் செய்வது தொழில் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. முதலில் மகள் ம்வெண்டேயின் தோழிகளுக்கு, பிறகு அவர்களின் தோழிகளுக்கு என்று கேட்டவர்களுக்குச் சுட்டுக் கொடுத்தாள். கேட்பவர்கள் கூடினார்கள், அவ்வளவுதான். அதிகாரி கல்கலோ அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இரண்டாவது அடுப்பு உண்டா?"

"உண்டு," என்றாள்.

அவர் குறித்துக்கொண்டார். சியோம்புவாவின் மனம் அந்தத் திரையிலேயே மாட்டிக்கொண்டது. அது பூப்போட்ட பழைய ஜன்னல் திரை. மின்சாரம் அடிக்கடி போகிறதே என்று எரிவாயு அடுப்பொன்று வாங்கி, மீட்டர் பார்க்க வரும் மின்வாரியக்காரர்கள் கண்டு வணிகக் கட்டணம் போட்டுவிடக் கூடாதே என்று அதை அந்த அறையில் வைத்தாள். அதைப் பார்த்தவர்கள் வேலைக்காரப் பெண்கள் மூவர், அப்புறம் ஒரே ஒருத்தி. அவள் பின்வரிசையில் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மதியம் வரை சியோம்புவா பொறுத்தாள். பிறகு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள். கெமுன்டோ வராந்தாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. சியோம்புவா உட்காரவில்லை.

"திரையைப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான்."

"ஏன் சிஸ்டர்?"

கெமுன்டோ உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டாள். அந்த வக்கீல் பெண் கையெழுத்து வாங்க வந்தாள், தேநீர் போட்டேன், குடித்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தாள் என்றாள். இந்தத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஓம்போக் நாய்க்குத் தையல் போட்ட கதையைச் சொன்னேன், அந்த மாணவிகள் ஓட்டு மேல் ஏறிப் பாட்டுப் பாடியதைச் சொன்னேன். உன்னைப் பற்றித்தான் நிறையச் சொன்னேன். ஒற்றை அடுப்போடு ஆரம்பித்து எப்படி வளர்ந்தாய் என்று.

"பெருமையாத்தான் சொன்னேன், ம்வெண்டே அம்மா. அதை எடுத்துக்கிட்டுப் போய் அவ இப்படிப் பண்ணுவான்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருக்கணும். என் தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். அவ அன்னிக்கு மதியம் பூரா உட்கார்ந்து கேட்டா. நீ கடைசியா எப்போ இந்த நாற்காலியில உட்கார்ந்தே?"

"பலகையைப் பார்த்துட்டு வந்தேனே…"

"பலகையைப் பார்த்துட்டு."

கெமுன்டோ இன்னொரு பட்டாணியை எடுத்தாள். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, மெதுவாகப் பேசினாள். பிரசவ வார்டில் இருந்தவளுக்கு இந்த அமைதி தாங்கவில்லை என்றாள். அங்கே எந்நேரமும் ஒரு அலறல், ஒரு அழுகை, யாரோ யாரையோ திட்டுவது. இங்கே சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இலை விழுவது கேட்கிறது.

"உங்களுக்கெல்லாம் இந்த அமைதிதான் சொத்து. எனக்கு வேண்டாம். தலைக்கு மேல ஒரு குழந்தை ஓடணும், பக்கத்து வீட்டுல குக்கர் கத்தணும். முழங்காலுக்காக இல்ல. முழங்கால்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க, அதான் சொன்னேன்."

சியோம்புவாவுக்குச் சண்டை போட வந்த வார்த்தைகள் வாயில் மிச்சமிருந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல், அடுப்பில் வேலை இருக்கிறதென்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மாதக் கடைசியில் முடிவு வந்தது. சாக்கடை வசதி இல்லாத இடத்தில் பன்னிரண்டு மாடிக்கு அனுமதி இல்லை. சங்கத்தில் ஆட்டிறைச்சி சுட்டுக் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் முடிந்த வாரமே, விசாரணையில் பெயர் அடிபட்ட வீடுகளுக்கெல்லாம் அறிவிப்பு வந்து சேர்ந்தது. குடியிருப்பு மண்டலத்தில் அனுமதியில்லாமல் வேறு பயன்பாடு, மூன்று மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் அல்லது முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்றிருந்தது. ஓம்போக் நாய்களை நிறுத்தினார். யோகா வகுப்பு வேறு இடம் போனது. சியோம்புவா விண்ணப்பித்தாள். மூன்று பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஆகவே அவள் கேட்டிலும் ஒரு மஞ்சள் பலகை ஏறியது. போகிற வருகிற கார்கள் எல்லாம் அங்கே கொஞ்சம் மெதுவாகிப் போயின.

கட்டடக் கம்பெனி கெமுன்டோவை அம்போ என்று விட்டுவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டது. சியோம்புவா ஒரு கேக் கொடுத்தனுப்பினாள். தட்டு கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. கூட ஒரு வார்த்தையும் வரவில்லை. வேலிக்கு மேலாகக் கையசைப்பதும் நின்றுபோனது.

கேக் வேன் சந்தின் வழியை அடைக்கிறது என்று கோடி வீட்டுக்காரர் ஆட்சேபணை எழுதியிருந்ததால், கல்கலோ நேரில் பார்க்க வந்தார். வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். அவர் அடுப்புகளைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார், வேன் திரும்பும் இடத்தைக் காலடியால் அளந்தார். பக்கத்து வீட்டாருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவர் கேட்கும்போது கெமுன்டோ கைத்தடியோடு கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். விதிப்படி ஆட்சேபிக்க எல்லாரையும்விட அதிக உரிமை பக்கத்து மனைக்காரியான அவளுக்குத்தான். அவள் வேண்டாம் என்றால் இந்த அடுப்பு அணைந்தது போலத்தான்.

அதிகாரி தான் போட நினைத்திருக்கும் நிபந்தனைகளைச் சொன்னார். வேன் உள்ளே நின்றுதான் ஏற்ற வேண்டும், வெளியே பெயர்ப் பலகை கூடாது, காலை எட்டு மணிக்கு முன் வேலை தொடங்கக் கூடாது.

"கடைசி நிபந்தனைக்கு நான் ஆட்சேபிக்கறேன்," என்றாள் கெமுன்டோ.

எட்டு போதாதா, இன்னும் தாமதமாகத் தொடங்க வேண்டுமா என்று கல்கலோ கேட்டார்.

"தொடங்கட்டும் ஐயா. இருட்டோட இவங்க தட்டு போடற சத்தத்துலதான் நான் கண் முழிக்கறேன். அப்புறம் வெண்ணெய் வாசனை வரும். அது வந்தாத்தான் எனக்கு எழுந்திருக்கவே தோணும். எட்டு மணி வரைக்கும் நான் படுத்துக்கிட்டு என்ன பண்றது?"

யாரும் சிரிக்கவில்லை. கல்கலோ எட்டை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். இதுவரை சத்தம் வேண்டும் என்று கேட்டு யாரும் தன்னிடம் வந்ததில்லை என்று போகும்போது சொன்னார்.

அன்று மாலை சியோம்புவா வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் போனாள். ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை என்பதால், நாள் தவறாமல் போனாள். பத்து நாள் போலப் பொறுத்துப் பார்த்த கெமுன்டோ ஒரு நாள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீ வர்றது மருந்து வேளை மாதிரி இருக்கு. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே. உன் கையைப் பார், மாவு காஞ்சு போயிருக்கு. எனக்கு உன் தயவு வேண்டாம்டி. எனக்கு மேல ஒரு குடித்தனம் வேணும்."

சியோம்புவா அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. தான் எழுதிய கடிதம் பன்னிரண்டு மாடிக்கு எதிரானது. அதில் இருந்த காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் நாலு மாடிக்கு அதே காரணங்கள் நிற்காது. தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் போதும், மழைநீரைச் சேமித்தால் போதும். தெரிந்தே அதை யோசிக்காமல் விட்டிருந்தாள்.

சங்கக் கூட்டத்தில் அவள் அதைச் சொன்னபோது ஓம்போக் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இன்றைக்கு நாலு என்று விட்டால் நாளைக்கு நாற்பது என்று வருவான், ஒரு ஓட்டையைத் திறந்துவிட்டால் மண்டலமே போய்விடும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சியோம்புவாவே அந்த வாதத்தைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டு கூட்டங்கள் இப்படியே போயின. மூன்றாவதில் ஓட்டெடுத்தார்கள். அவள் பக்கம் தோற்றது. செயலாளர் பதவியை அங்கேயே விட்டாள். பிறகு ஆறாம் நம்பர் வீட்டுக்காரியாக, பக்கத்து மனைக்காரியாக, தன் சொந்தப் பெயரில், கெமுன்டோ நாலு மாடிக்குப் போட்ட புது விண்ணப்பத்தை ஆதரித்து எழுதினாள். முதல் கடிதத்தைவிட இது சின்னது. எழுத அதைவிட நேரம் பிடித்தது.

சின்ன மேஸ்திரி ஒருவர், இரண்டு சகோதரர்களோடு சேர்ந்து கட்டுகிறவர், அந்த மனையை எடுத்துக்கொண்டார். நாலு மாடி, எட்டு வீடு, பெரிய தொட்டி. கல்கலோ அனுமதித்தார். ஓம்போக் கொஞ்ச காலம் சியோம்புவாவைக் கண்டால் நாயைக் கூப்பிடுகிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வெளியே எங்கும் நல்ல கேக் கிடைக்கவில்லை என்று ஆனபோது அதுவும் ஒரு வழிக்கு வந்தது.

கட்டடம் எழும்ப எழும்ப சியோம்புவாவின் சமையல்கட்டில் வெயில் குறைந்தது. முன்பெல்லாம் காலை வெயில் ஜன்னல் வழியாக மேஜை வரை வந்து மாவுக் கிண்ணங்களைச் சூடாக்கும். நைரோபியின் ஜூலைக் குளிரில் இப்போது பன் மாவு உப்புவதற்கு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் போதவில்லை. வேலைக்காரப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அவள் கிண்ணங்களை அடுப்பறைச் சுவரோரம் நகர்த்தச் சொன்னாள், பகலிலும் விளக்குப் போடச் சொன்னாள். மேல்மாடி பால்கனியில் யாரோ ஒருவன் பல் துலக்கிக்கொண்டே அவள் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் கையசைத்தான், இவளும் அசைத்தாள்.

கட்டி முடியும்வரை வாடகை வீட்டில் இருந்த கெமுன்டோ, மனைக்கு ஈடாகக் கிடைத்த முதல் மாடி வீட்டுக்குக் குடிவந்தாள். மேலே ஒரு வங்கி ஊழியரின் குடும்பம், அவர்களுக்கு இரட்டைப் பையன்கள். இரண்டும் சேர்ந்து பந்து உதைப்பது பற்றி அவள் சியோம்புவாவிடம் புகார் சொன்னாள். ராத்திரி எத்தனை மணி வரைக்கும் உதைக்கிறார்கள், எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு உருட்டுகிறார்கள் என்றெல்லாம் சொன்னாள். சங்கத்துக்கு எழுதட்டுமா என்று சியோம்புவா கேலியாகக் கேட்டாள். "எழுதித்தான் பாரேன்," என்றாள் கெமுன்டோ.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண ஆர்டர் எதுவும் இல்லாத நாள், சியோம்புவா ஏலக்காய் போட்ட கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். முதல் மாடிக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டியபோது எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு இளம்பெண் எட்டிப் பார்த்தாள். சிஸ்டர் மூன்றாவது மாடிக்குப் போயிருக்கிறார்கள், அங்கே ஒரு அக்காவுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது, காலையிலிருந்தே அங்கேதான் என்றாள்.

"வர்றதுக்கு நேரமாகுமா?"

"தெரியலையே ஆன்ட்டி. நேத்தும் சாப்பாட்டுக்குத்தான் இறங்கி வந்தாங்க. சொல்லட்டுமா நீங்க வந்தீங்கன்னு?"

வேண்டாம், தொந்தரவு செய்யாதே என்றாள் சியோம்புவா. கேக்கை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். உடனே கிளம்பத் தோன்றவில்லை. படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு, ஓரமாக ஒரு படியில் உட்கார்ந்தாள். மேலே எங்கோ பந்து உருண்டது, யாரோ குழம்பு தாளித்தார்கள், மூன்றாவது மாடியிலிருந்து கெமுன்டோவின் குரல் யாரையோ அதட்டியது. வார்த்தை புரியவில்லை. நல்ல உரத்த குரல். சியோம்புவா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.